சி மேஜர் கார்டு ஒலிக்காதபோது குறை எங்கே இருக்கிறது?

உங்கள் கேள்வியில் மூன்று செய்திகள் இருக்கின்றன. இரும்புக் கம்பி கட்டிய அக்குஸ்டிக் கிட்டார் ஒன்றைச் சில வாரங்களுக்கு முன் வாங்கியிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்து, மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் சி மேஜர் கார்டைப் பிடிக்கிறீர்கள். எந்த விரல் எங்கே என்பது தெரிகிறது, ஆனால் மீட்டினால் சில கம்பிகள் அடைத்துப்போகின்றன, ஒன்று கரகரக்கிறது. சிறுவயதில் வாய்ப்பாட்டுக் கற்ற உங்கள் காதுக்கு, சுருதியைக் காட்டும் கருவியான ட்யூனர் எல்லாம் சரி என்று காட்டிய பிறகும், அந்தக் கார்டு சுருதியில் முழுமையாகச் சேராதது போல் படுகிறது. இவற்றை வைத்து, "என் விரல்கள் தடித்தவை, எனக்குக் கிட்டார் வராதா?" என்று முடித்திருக்கிறீர்கள். விரலை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. குறை கையிலா, கருவியிலா, காதிலா என்றுதான் கேட்கிறீர்கள்.

தொடக்கநிலையில் இருக்கும் பெரியவர்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. விரல் தடிமனால் சி மேஜர் பிடிக்க முடியாமல் போன ஒரு மாணவரைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் காது கேட்பதும் சரிதான். அதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. கருவியைப் பற்றி மட்டும், அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே சோதித்து அறிய வழி இருக்கிறது. கை, கருவி, காது என்று நீங்கள் பிரித்துப் பார்க்கும் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பது போகப்போகத் தெரியும்.

நீங்கள் பாட்டுக் கற்றவர் என்பதால் கார்டை சுரங்களாகவே சொல்லிவிடுகிறேன். மேஜர் கார்டு என்பது ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்து ஒலிப்பது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடியபோது உங்கள் தொண்டையில் ஏறிய அதே காந்தாரம்தான். அதை அரைச்சுரம் இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர் கார்டு கிடைக்கும். சி என்பது நம் கணக்கில் ஒரு கட்டை. ஆகவே சி மேஜர் என்றால் ஒரு கட்டைச் சுருதியில் ச, க, ப. மெல்லிய கம்பியை முதல் கம்பி என்று எண்ணிக்கொள்ளுங்கள். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளைத் தலைப்பகுதியிலிருந்து எண்ணுங்கள். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் மோதிரவிரல், அது ஷட்ஜம். நான்காம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், அது காந்தாரம். மூன்றாம் கம்பியில் விரல் வேண்டாம், அது பஞ்சமம். இரண்டாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் சுட்டுவிரல், அது மேல் ஷட்ஜம். முதல் கம்பியிலும் விரல் வேண்டாம், அது மேல் காந்தாரம். தடித்த ஆறாம் கம்பியை மீட்ட வேண்டாம். மோதிரவிரலின் நுனி அதை இலேசாகத் தொட்டு அடக்கி வைத்தால் இன்னும் நல்லது. தவறி அது ஒலித்தாலும் பெரிய குற்றமில்லை, ஏனென்றால் அதுவும் காந்தாரம்தான். அடியில் கனமாகக் கேட்கும், அவ்வளவே.

ஐந்தாம் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டினால் ச, க, ப, ச, க என்று வரிசையாக வர வேண்டும். மற்ற தொடக்கநிலை மாணவர்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இங்கே இருக்கிறது. அடுத்து வர வேண்டிய சுரத்தை முன்கூட்டியே மனத்துக்குள் பாடிவிட்டுக் கம்பியை மீட்டலாம். எது வரவில்லை, எது உயர்ந்து வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலையாக, கார்டை ஒரே வீச்சில் மீட்டுவதைச் சில நாள் நிறுத்துங்கள். ஐந்து கம்பிகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். கார்டு மொத்தமாகக் கெட்டுப்போவதில்லை. குறிப்பிட்ட ஒரு கம்பிதான் ஒலிக்காமல் இருக்கும், அதற்கென்று ஒரு காரணம் இருக்கும். முதல் கம்பி அடைத்திருந்தால், இரண்டாம் கம்பியை அழுத்தும் சுட்டுவிரல் படுத்துவிட்டது, அதன் சதை முதல் கம்பியைத் தொடுகிறது. மூன்றாம் கம்பி அடைத்திருந்தால், நடுவிரல் அப்படிப் படுத்திருக்கிறது. நான்காம் கம்பிதான் பலரை ஏமாற்றும். அது ஒலிக்கவில்லை என்றதும் அதை அழுத்தியிருக்கும் நடுவிரலை மேலும் மேலும் அழுத்துவார்கள். பெரும்பாலும் தடையாக இருப்பது மோதிரவிரல். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டை எட்டுவதற்காக நீளும்போது அது சாய்ந்து நான்காம் கம்பியில் உரசுகிறது. அந்த இடம் நடுவிரலுக்கும், கிட்டாரின் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜுக்கும் இடையில், கம்பி அதிர வேண்டிய பகுதியில் இருப்பதால் ஒலி அங்கேயே அடங்கிவிடுகிறது. நடுவிரலை எவ்வளவு அழுத்தினாலும் இது தீராது; மோதிரவிரலை நிமிர்த்தினால் உடனே தீரும்.

கரகரப்பு வேறு வகை. ஐந்தாம் கம்பி கரகரத்தால், மோதிரவிரல் மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து பின்தங்கி நிற்கிறது என்று பொருள். ஃபிரெட் என்கிற உலோகப் பட்டைக்கு ஒட்டினாற்போல், ஆனால் அதன் மேலே ஏறாமல் விரல் நிற்க வேண்டும். பட்டைக்கு அருகில் இருந்தால் சிறிய அழுத்தமே போதும். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் நின்றால் அதே கம்பியைப் பட்டையில் பதிய வைக்க அதிக வலு வேண்டும், வலு போதாமல் போனால் கம்பி பட்டையில் தட்டித் தட்டிக் கரகரக்கும். சி மேஜரில் முதல் ஃபிரெட்டிலிருந்து மூன்றாம் ஃபிரெட் வரை கை விரிய வேண்டியிருப்பதால், பின்தங்கும் விரல் ஏறக்குறைய எப்போதும் மோதிரவிரலாகவே இருக்கும். கம்பி அதிரும் நீளம் 648 மில்லிமீட்டராக உள்ள வழக்கமான கிட்டாரில், மூன்றாம் பட்டை நட்டிலிருந்து (தலைப்பகுதிக்கு முன் கம்பிகள் தங்கும் பட்டையிலிருந்து) 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கிறது. புதிய கைக்கு அது குறைந்த தூரம் அன்று.

இனி விரல் தடிமன். இரும்புக் கம்பிக் கிட்டாரின் நட் அகலம் பொதுவாக 43 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் ஆறு கம்பிகள் நிற்கும்போது அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே சுமார் 7 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. பெரியவர் எவருடைய விரலும் அதைவிட அகலமானது. மெலிந்த விரல்காரருக்கும் விரலைப் படுக்க வைத்தால் பக்கத்துக் கம்பி அடைக்கும். தடித்த விரல்காரருக்கும் கடைசிக் கணுவை மடக்கி, நகத்துக்குச் சற்றுக் கீழே உள்ள நுனியால் செங்குத்தாக இறங்கினால் இடம் போதும். அதற்கு இடக்கை நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நகம் நீண்டிருந்தால் நுனி கம்பியைத் தொடுவதற்கு முன்பே நகம் மரத்தில் முட்டும், விரல் தானாகப் படுத்துவிடும். கையின் அமைப்பு தடை என்று நினைக்கும் மாணவர்களிடம் நான் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றிச் சொல்வதுண்டு. 1928-இல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்ததில் இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருங்கிப்போயின. அதன் பிறகு சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்தே தனி வாசிப்பை நடத்தினார், எஞ்சிய இரண்டையும் கார்டுகளுக்கு முடிந்த அளவு பயன்படுத்தினார். ஐரோப்பிய ஜாஸ் வரலாற்றில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்க கிட்டார் கலைஞர்கள் மிகச் சிலரே. உங்களிடம் நான்கு விரல்களும் நலமாக இருக்கின்றன.

அந்த நான்கு விரல்களும் சரியாக இறங்குவதற்குத் தோரணை முக்கியம், இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். விரல்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் புதியவர்கள் கிட்டாரின் முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து மடியில் கிடத்துகிறார்கள். அப்படிச் செய்த கணமே மணிக்கட்டு கூர்மையாக மடங்குகிறது, விரல்கள் தட்டையாகின்றன, பக்கத்துக் கம்பிகள் அடைக்கின்றன. கிட்டாரை வலத் தொடையில் செங்குத்தாக நிறுத்துங்கள், கழுத்துப் பகுதி தரைக்கு இணையாக இல்லாமல் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தில், ஏறக்குறைய நடுவிரலுக்கு நேர் எதிரே இருக்கட்டும். உள்ளங்கை கழுத்தில் ஒட்டக் கூடாது. இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்காமல் சற்றுத் தளர விடுங்கள். முழங்கையைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தினாலே விரல்கள் கம்பியில் இறங்கும் கோணம் மாறுவதைப் பார்ப்பீர்கள். மோதிரவிரல் எட்டவில்லை என்று சொன்ன பலருக்கு விரலில் ஒன்றுமே மாற்றாமல் முழங்கையை மாற்றியே எட்ட வைத்திருக்கிறேன்.

அடுத்து அழுத்தம். ஒரு கம்பியில் விரலை வெறுமனே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப மீட்டுங்கள். முதலில் மொத்தென்று ஒலிக்கும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கரகரப்பு வரும், பிறகு ஒரு புள்ளியில் சுரம் தெளியும். அந்தப் புள்ளிதான் தேவையான அழுத்தம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு துளியும் வீண், பல வேளைகளில் தீங்கும்கூட. புதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் தேவைக்கு மேல் பல மடங்கு அழுத்துகிறார்கள். விரல் நுனி வலிப்பது ஒரு விளைவு. இன்னொரு விளைவு உங்கள் காதோடு தொடர்புடையது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கருவி. விலை குறைந்த புதிய கிட்டார்களில் அடிக்கடி காணும் குறை, நட் உயரமாக இருப்பது. கம்பிகள் தலைப்பகுதிக்குப் போகும் முன் தங்கிச் செல்லும் அந்த வெள்ளைப் பட்டையின் வெட்டுகள் ஆழமாக இல்லாவிட்டால், முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பி உயர்ந்து நிற்கும். சி மேஜரோ முழுக்க அந்த மூன்று ஃபிரெட்டுகளில்தான் இருக்கிறது. சோதிக்கும் முறை எளிது. ஒரு கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட் பட்டைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு மயிரிழை இடைவெளி இருந்தால் நட் சரி. தடித்த அட்டை நுழையும் அளவுக்கு இருந்தால் நட் உயரம், அதில் கார்டு பிடிக்கப் போராடுவது உங்கள் தவறு அன்று. ஆறு கம்பிகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றிரண்டு மட்டும் உயரமாக இருப்பதும் உண்டு. இசைக்கருவி பழுதுபார்ப்பவர் யாரும் சிறிய அரத்தால் இதைச் சரிசெய்துவிடுவார். நீங்களே அரத்தை எடுக்க வேண்டாம். ஒரு வெட்டு ஆழமாகிவிட்டால் அந்தக் கம்பி விரல் வைக்காமல் ஒலிக்கும்போதெல்லாம் கரகரக்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டிவரும்.

கம்பியின் தடிமனும் கவனிக்க வேண்டியது. கிட்டாரோடு வந்த கம்பி எந்த அளவு என்று தெரியாவிட்டால் 10-இல் தொடங்கும் மெல்லிய தொகுப்பு ஒன்றை வாங்கிக் கட்டுங்கள். எண் கூடக் கூடக் கம்பி தடிக்கும். 12-இல் தொடங்கும் தொகுப்பில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுவிசையைத்தான் உங்கள் விரல் நுனிகள் எதிர்கொள்கின்றன. மெல்லிய கம்பி வலுவற்றவர்களுக்கானது என்ற எண்ணம் வேண்டாம். 1965-இல் தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த, பிளாக் சபாத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி மெல்லிய கம்பிகளுக்கு மாறி, பிற்பாடு சுருதியையும் இறக்கி வாசித்தார், ஹெவி மெட்டல் இசையின் கனத்த ஒலி அவரிடமிருந்தே பெரிதும் உருவானது. கடலோர ஊரில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். உப்புக் காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும், துருவேறிய கம்பி விரலை அறுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வையுங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ மட்டும் வேண்டும். ஆறு கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கிச் சுருதி சேருங்கள், இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போவைப் போடுங்கள், அதையே நட்டாகக் கருதி சி மேஜர் வடிவத்தைப் பிடியுங்கள். ஒலி பழைய சுருதியிலேயே இருக்கும். ஆனால் மூன்று மாறுதல்கள் ஏற்பட்டிருக்கும்: கம்பியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், ஃபிரெட்டுகளின் இடைவெளி சுருங்கியிருக்கும், நட்டின் உயரம் ஆட்டத்திலிருந்தே விலகியிருக்கும். இப்படிப் பிடித்தபோது கார்டு சட்டென்று தெளிவாக ஒலித்தால், நட்டின் மீது சந்தேகப்படலாம். அப்போதும் அதே கம்பி அதே மாதிரி அடைத்தால், விரலின் கோணத்தைத்தான் பார்க்க வேண்டும். நட்டைச் சரிசெய்யும் வரை இப்படியே பயிற்சி செய்வதில் ஒரு குறையும் இல்லை.

சி மேஜரில்தான் தொடங்க வேண்டுமா என்பதில் ஆசிரியர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பியானோவில் சி முதலில் வருவது இயல்பு. கிட்டாரில் அதற்கு அப்படி ஓர் உரிமை கிடையாது என்பது என் கருத்து. நான் இ மேஜரில் தொடங்குகிறேன். ஐந்தாம், நான்காம் கம்பிகளின் இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரலும் மோதிரவிரலும், மூன்றாம் கம்பியின் முதல் ஃபிரெட்டில் சுட்டுவிரல். விரல்கள் நெருங்கி நிற்கின்றன, எந்தக் கம்பியையும் தவிர்க்க வேண்டியதில்லை, ஆறும் ஒலிக்கும். அந்தக் கை வடிவத்தைக் குலைக்காமல் மூன்று விரல்களையும் அடுத்த மெல்லிய கம்பிகளுக்கு ஒவ்வொரு கம்பி நகர்த்தினால் ஏ மைனர் கிடைக்கும். அதிலிருந்து சுட்டுவிரலையும் நடுவிரலையும் அப்படியே விட்டுவிட்டு, மோதிரவிரலை மட்டும் மூன்றாம் கம்பியிலிருந்து எடுத்து ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வைத்தால் சி மேஜர். ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. இன்று உங்களுக்கு மூன்று விரல்களையும் ஒரே நேரத்தில் காற்றிலிருந்து இறக்கும் வேலையாக இருப்பது, இந்த வழியில் வந்தால் ஒரு விரலை நீட்டும் வேலையாகிவிடும். இரண்டு விரல்கள் ஏற்கெனவே நிலையாக நிற்பதால் மோதிரவிரலை எந்தக் கோணத்தில் இறக்குவது என்று நிதானமாகத் தேடலாம். ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் இடையே அந்த ஒரு விரலை மட்டும் போக வரச் செய்வதுதான் நான் கொடுக்கும் முக்கியமான பயிற்சி. பிறகு மூன்று விரல்களையும் கம்பியிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, வடிவம் மாறாமல் அதே இடத்தில் இறக்கிப் பழகுங்கள்.

எத்தனை நாளில் வரும் என்றால், அதற்கு உறுதியான விடை எவரிடமும் இருக்க முடியாது. தெளிவான ஒலி சிலருக்கு ஓரிரு வாரத்தில் வருகிறது, சிலருக்கு இரண்டு மாதம் ஆகிறது. கார்டு மாற்றும் வேகம் அதைவிடத் தாமதமாகவே வரும். ஒரே அமர்வில் ஒரு மணிநேரம் போராடுவதைவிட, பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை உட்காருவது நல்லது என்பது என் அனுபவம். விரல் நுனியில் தோல் தடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நுனி வலிப்பது இயல்பு. குளித்தவுடன், பாத்திரம் கழுவியவுடன் வாசிக்காதீர்கள், ஊறிய தோல் விரைவில் புண்ணாகும். மணிக்கட்டிலோ, கட்டைவிரலின் அடியிலோ, முன்கையிலோ வலி வந்தால், விரல் மரத்துப்போனால் அது இயல்பு அன்று. வாசிப்பை நிறுத்துங்கள், தோரணையைத் திருத்துங்கள், அப்படியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். நான் இசை ஆசிரியன். அந்த வலியைப் பற்றி அதற்கு மேல் நான் பேசக் கூடாது.

காதைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ட்யூனர் சரி என்று காட்டியும் காந்தாரம் உறுத்துகிறது என்கிறீர்கள். ஆம், உறுத்த வேண்டும். தம்புராவில் மந்தர ஷட்ஜக் கம்பியை மீட்டும்போது அதற்குள்ளிருந்தே ஓர் அந்தர காந்தாரம் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். அது ஷட்ஜத்தின் ஐந்து மடங்கு அதிர்வு. அதை ஷட்ஜத்தின் ஸ்தாயிக்கே இறக்கினால் 5:4 என்ற விகிதம். உங்கள் காது பழகியது அந்தக் காந்தாரத்துக்கு. கிட்டாரின் ஃபிரெட்டுகளோ ஒரு ஸ்தாயியைச் சரிசமமாகப் பன்னிரண்டு பங்காக்கிப் பதிக்கப்பட்டவை. அந்தப் பங்கீட்டில் பஞ்சமம் இயற்கைப் பஞ்சமத்தைவிட ஓர் அரைச்சுரத்தின் நூறில் இரண்டு பங்கு மட்டுமே தாழ்கிறது, எவரும் கவனிப்பதில்லை. காந்தாரமோ நூறில் சுமார் பதினான்கு பங்கு உயர்ந்துவிடுகிறது. சி மேஜரின் ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ், 5:4 விகிதப்படி காந்தாரம் 163.5 ஆக இருக்க வேண்டும், கிட்டாரில் 164.8 ஆக இருக்கிறது. வேறுபாடு சிறிது. ஆனால் ஷட்ஜத்தின் ஐந்தாம் மடங்கும் காந்தாரத்தின் நான்காம் மடங்கும் ஒன்றோடொன்று மோதி, நொடிக்கு ஐந்து முறை அளவில் ஒலி ஏறி இறங்கும். நீங்கள் கேட்கும் உறுத்தல் அதுதான்.

சரி, நான்காம் கம்பியையும் முதல் கம்பியையும் சற்று இறக்கிக் காந்தாரத்தைச் சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். செய்து பாருங்கள், சி மேஜர் தேனாக ஒலிக்கும். பிறகு இ மேஜரைப் பிடியுங்கள். நான்காம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட், சி மேஜரில் காந்தாரமாக இருந்த அதே இடம், இ மேஜரில் ஷட்ஜம். ஏ மேஜரில் அதே இடம் பஞ்சமம். ஒரே கம்பியில் ஒரே ஃபிரெட், மூன்று கார்டுகளில் மூன்று வேலைகள். காந்தாரத்துக்காக அதை இறக்கினால் இ மேஜரின் ஷட்ஜம் தாழ்ந்து கார்டே குலைந்துபோகும். எல்லாக் கார்டுகளும் தாங்கத்தக்க அளவில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே காந்தாரம் அந்தச் சிறு உயர்வைச் சுமக்கிறது. பாட்டில் ஒரே ஆதார ஷட்ஜத்தில் நின்று பாடும் நமக்கு இந்த விட்டுக்கொடுப்பு தேவைப்படுவதில்லை. நிமிடத்துக்குப் பத்து முறை ஷட்ஜத்தை மாற்றும் கார்டு இசைக்குத் தேவைப்படுகிறது. இ மேஜரில் உங்களுக்கு உறுத்தல் குறைவாகப் படலாம். அதன் ஆறு கம்பிகள் ச, ப, ச, க, ப, ச என்று வருகின்றன, காந்தாரம் ஒன்றே ஒன்று. சி மேஜரிலோ ஐந்தில் இரண்டு காந்தாரம், அதில் ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே.

கையும் கருவியும் காதும் சந்திக்கும் இடம் என்று நான் சொன்னது இதுதான். அழுத்தம் கூடினால் கம்பி மேலும் இழுபட்டுச் சுரம் உயரும். நட் உயரமாக இருந்தாலும் அதேதான் நடக்கும். ஏற்கெனவே உயர்ந்திருக்கும் காந்தாரம், அதிகமாக அழுத்தும் நடுவிரலால் இன்னும் உயரும். விரல் வைக்காத மூன்றாம் கம்பியும் முதல் கம்பியும் தம் இடத்திலேயே நிற்பதால் பிளவு இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே உங்கள் உறுத்தலில் ஒரு பகுதி மாற்ற முடியாதது, இன்னொரு பகுதி திருத்தக்கூடியது. பிரித்துப் பார்க்க, கார்டைப் பிடித்தபடி இரண்டாம் கம்பியை மட்டும் மீட்டி ட்யூனரைப் பாருங்கள். சி என்று காட்டிவிட்டு முள் உயர்ந்த பக்கமாகச் சாய்ந்தால், அழுத்தத்தைத் தளர்த்துங்கள். முள் நடுவுக்கு வந்தால் கை அதிகமாக அழுத்தியிருக்கிறது. சுரம் தெளிவாக ஒலிக்கும் மிகக் குறைந்த அழுத்தத்திலும் முள் சாய்ந்தே இருந்தால் நட்டைச் சந்தேகியுங்கள். நான்காம் கம்பிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டும் நடுவில் நின்ற பிறகும் மிஞ்சுகிற உறுத்தல், பன்னிரண்டு சமப் பங்கின் உறுத்தல். சில மாதங்களில் காது அதையும் கிட்டாரின் இயல்பாக ஏற்றுக்கொள்ளும், உங்கள் பாட்டுக் காந்தாரம் அதனால் கெடாது.

சி மேஜர் நின்றதும் ஜி மேஜருக்குப் போங்கள்: மோதிரவிரலும் நடுவிரலும் தத்தம் ஃபிரெட்டிலேயே ஒவ்வொரு கம்பி தடித்த பக்கமாக நகர, சுண்டுவிரல் முதல் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போகும். டி மேஜரில் மட்டும் ஆறாம் கம்பியைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், அதன் சுரம் அந்தக் கார்டில் இல்லை. எஃப் மேஜரை இப்போதைக்குத் தொடாதீர்கள். இந்த வாரம் நட் சோதனையும் ட்யூனர் சோதனையும் செய்துவிட்டு, எந்தக் கம்பி அடைக்கிறது, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள். அடுத்து எதைத் திருத்துவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.